ஹகீமாக்கள் உருவான வரலாறு



மனைவியையோ மகளையோ பிரசவத்திற்காக அழைத்துச் செல்லும்போது நாம் முதலில் கேட்பது, "லேடி டாக்டர் இருக்கிறாரா?" என்பதுதான். கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்த மருத்துவர் யார் வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும்? ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்து இக்கேள்வியைச் சந்தித்தது.

அப்போது எகிப்தை ஆண்டவர் முஹம்மது அலீ பாஷா. தம் படைக்கு மருத்துவர்கள் தேவைப்பட்டதால், 1825-ல் குளோத் பே என்ற பிரெஞ்சு மருத்துவரை வரவழைத்தார். 1827-ல் கெய்ரோவிற்கு வடக்கே அபூ ஸஅபல் என்னுமிடத்தில் மருத்துவப் பள்ளி துவங்கிற்று. படித்தவர்கள் ஆண்கள். அந்நிய ஆடவர் தம் வீட்டுப் பெண்களைப் பரிசோதிப்பதைக் குடும்பத்தார் விரும்பவில்லை. பிரசவமோ 'தாயா' எனப்பட்ட பரம்பரை மருத்துவச்சிகளின் கையில் இருந்தது. பெரியம்மையோ குழந்தைகளைப் பலி கொண்டது. அவர்களுக்கு அம்மை குத்த அன்னையரிடம் செல்ல வேண்டும். எனவே 1832-ல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டது.

மாணவிகளைத் தேடியபோதுதான் சிக்கல் எழுந்தது. பெண்ணுக்குப் பெண்ணே வைத்தியம் பார்க்க வேண்டுமென்று விரும்பிய குடும்பங்கள், தம் மகளை அதற்கு அனுப்ப மட்டும் முன்வரவில்லை. அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? கெய்ரோவின் அடிமைச் சந்தையில் ஹபஷி, சூடானியச் சிறுமிகளை விலைக்கு வாங்கிப் பள்ளியில் சேர்த்தது! பின்னர் அநாதைச் சிறுமிகளும் சேர்க்கப்பட்டனர். அதாவது, 'எங்கள் பிள்ளையை விடமாட்டோம்' என்று சொல்ல தாய் தகப்பன் அருகில் இல்லாத பிள்ளைகளே அந்த வகுப்பறையில் அமர்ந்தார்கள்.

இத்தனைக்கும் இது நம் வரலாற்றில் புதுமையான பணியன்று. ஹிஜ்ரி 5-ல் அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் தங்க வைத்தது, மஸ்ஜிதுந் நபவியில் ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில்தான். போர்க்களத்தில் தண்ணீர் புகட்டிக் காயத்திற்கு மருந்திட்ட ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) போன்ற ஸஹாபிப் பெண்களையும் நாம் அறிவோம். அறிந்திருந்தும் கெய்ரோவின் தகப்பன்மார் தயங்கினார்கள். அவர்களைக் குறை கூறுமுன் நம் வீட்டில் பிளஸ் டூவோடு நின்றுபோன பெண்பிள்ளையையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

பயிற்சி ஆறு ஆண்டுகள். முதலில் அரபு எழுதப் படிக்கக் கற்றார்கள். பிறகு மகப்பேறு, கர்ப்பிணிப் பராமரிப்பு, காயங்களுக்குக் கட்டுப் போடுதல், அம்மை குத்துதல். தேறியவர்கள் 'ஹகீமா' எனப்பட்டனர். அவர்களுக்குப் படையதிகாரிக்குரிய தகுதியும் மாதச் சம்பளமும் கிடைத்தன. மருத்துவப் பள்ளியில் தேறிய இளைஞர்களுக்கே அரசாங்கம் அவர்களை மணமுடித்தும் வைத்தது. பெண்கள் சம்பந்தப்பட்ட குற்ற வழக்குகளில் பரிசோதித்துச் சாட்சியம் கூறவும், இறந்த பெண்ணின் உடலைப் பார்த்து மரணக் காரணம் எழுதவும் ஹகீமாவே அழைக்கப்பட்டார். சந்தையில் விலை பேசப்பட்ட சிறுமிகளிலிருந்து துவங்கிய ஒரு வகுப்பாரின் சொல், இவ்வாறு எகிப்தின் அரசாங்க ஆவணங்களில் ஏறிற்று.