சேசிஸ் ஒருத்தர், பாடி ஒருத்தர்

இரண்டாம் உலகப் போர் முடிந்த புதிதில் இத்தாலியில் செய்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பழைய படம் கைக்கு வந்தால், அதன் முகத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் சக்கரம். அடுத்து முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம். பிறகு கதவின் கீல் எந்தப் பக்கம், ஸ்டியரிங் எந்தப் பக்கம், நம்பர் பிளேட்டில் என்ன எழுத்து. கிரில்லைப் பார்த்தவுடன் பெயர் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஃபெராரி என்றுதான் சொல்வார்கள். தாழ்வாக, கூரையில்லாமல், மூக்கில் முட்டை வடிவத் துளையோடு இருந்தால் அவர்களுக்கு ஃபெராரி. அச்சான புத்தகங்களிலேயே படத்துக்குக் கீழே அப்படி எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நான் அரியலூரில் டிங்கர் வேலை பார்த்தவன். அப்பாவுக்கும் அதே தொழில். சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளின் கேபினும் கதவும் நிமிர்த்தித்தான் எங்கள் பட்டறையில் அடுப்பு எரிந்தது. நடுநடுவே டாக்டர் வீட்டு ஃபியட், வக்கீல் வீட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று வரும். அடிபட்டு ஏற்கெனவே எங்கேயோ வேலை பார்த்த வண்டி வந்தால் அப்பா சொல்வார்: "பெயிண்ட்டப் பாத்து ஏமாறாதடா. ஓரத்தப் பாரு, மடிப்பப் பாரு. தட்டுனவன் கை அங்கதான் தெரியும்." இத்தாலியப் படங்களைப் பார்க்கவும் எனக்கு அதைவிடப் பெரிய பாடம் தேவைப்படவில்லை.

அந்தக் காலத்து வண்டிகளில் இவ்வளவு குழப்பம் ஏன்? சேசிஸ் செய்தவர் ஒருத்தர், என்ஜின் வேறொருத்தர், பாடி கட்டியவர் மூன்றாவது ஆள். நம் ஊரில் லேலண்ட் சேசிஸை வாங்கி கரூருக்கு அனுப்பி பஸ் பாடி கட்டிக்கொண்டு வருகிறோமே, அதே ஏற்பாடு. தூரின், மிலான், மொடெனா நகரங்களில் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருந்தன. பினின் ஃபரினா, வின்யாலே, கியா, அலெமானோ, ஸ்டபிலிமென்டி ஃபரினா எல்லாம் தூரின்காரர்கள். தூரிங், ஸகாட்டோ மிலான். மெல்லிய எஃகுக் குழாய்களால் கூடு கட்டி, அதன்மேல் அலுமினியத் தகடு போர்த்துவது தூரிங் பட்டறையின் முறை. மற்றவர்கள் மரக்கட்டையிலும் மணல் மூட்டையிலும் தகட்டை வைத்து மரச்சுத்தியால் தட்டி வளைத்தார்கள். அச்சில் அடித்த பாடி இல்லையென்பதால் ஒரே மாடலில் இரண்டு வண்டி ஒரே மாதிரி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே வண்டியின் இடது மட்கார்டும் வலது மட்கார்டும்கூட மயிரிழை மாறியிருக்கும்.

ஃபெராரி என்ற பெயரோடு வந்த முதல் வண்டியே இதற்குச் சாட்சி. 1947 மே 11 அன்று பியாசென்சா பந்தயத்துக்கு 125 எஸ் மாடலில் இரண்டு வண்டி கொண்டுபோனார்கள். ஒன்றுக்குச் சக்கரங்களை மூடிய முழுப் பாடி. மற்றதற்குச் சைக்கிள் மட்கார்டு மாதிரி தனித்தனி மட்கார்டு. ஒரே மாடல், ஒரே வருஷம், இரண்டு உருவம். முழுப் பாடி வண்டியை ஃபிராங்கோ கொர்தேசே ஓட்டி முன்னணியில் போய், பெட்ரோல் பம்ப் மக்கர் செய்ததால் பாதியில் நின்றார். இரண்டே வாரத்தில் ரோம் பந்தயத்தில் ஜெயித்தார். இந்த இரண்டு வண்டியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், விவரம் தெரியாதவர்கள் இரண்டையும் ஒரே தொழிற்சாலை என்றே சொல்லமாட்டார்கள்.

பாடி பொய் சொல்லலாம். அச்சுத் தூரம் பொய் சொல்லாது. பக்கவாட்டில் நேராக எடுத்த படம் என்றால் ஒரு ஸ்கேல் போதும். டயரின் உயரத்தை அளந்து, இரண்டு சக்கர மையங்களுக்கு நடுவே அந்த அளவு எத்தனை முறை போகிறது என்று பார்க்க வேண்டும். 1948 தூரின் கண்காட்சியில் தூரிங் பட்டறை காட்டிய ஃபெராரி 166 எம்.எம். வண்டிக்கு இந்தத் தூரம் 2,200 மில்லிமீட்டர். நம் பிரீமியர் பத்மினிக்கு 2,340. அதாவது டாக்டர் வீட்டு பத்மினி அந்த ஃபெராரியைவிட 14 சென்டிமீட்டர் நீளமான அச்சில் நின்றது. அதே காலத்து இன்னொரு இத்தாலிய வண்டியான சிசிட்டாலியா 202-க்கு 2,400. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் வண்டிகளை ஸ்கேல் தனித்தனியாகப் பிரித்துவிடும்.

அந்த 166-க்கு இன்னொரு அடையாளம், பக்கவாட்டில் முன்னிருந்து பின் வரை ஓடும் மடிப்பு. பெரிய தகட்டை வெறும் வளைவாக விட்டால் ஆடும். நடுவில் ஒரு கோடு மடித்தால் விறைப்பாக நிற்கும். தகரம் தட்டியவனுக்கு அது அழகுக்கு மட்டும் போட்ட கோடு இல்லை என்று புரியும். 1949 மில்லே மில்யா பந்தயத்தில் பியோந்தெட்டியும் சலானியும் ஜெயித்த வண்டியின் படத்தில் அந்த மடிப்பு தெளிவாக விழுந்திருக்கிறது. அதன் மேல் எழுதிய எண் 624. காலை 6.24-க்குப் பிரெஷ்ஷாவிலிருந்து புறப்பட்டது என்று பொருள். புறப்படும் நேரத்தையே எண்ணாக எழுதிய பந்தயம் அது. படத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் எந்தக் கட்டத்தில் எடுத்த படம் என்பது பிடிபடும்.

நம்பர் பிளேட் சும்மா கிடைக்கும் உதவி. டி.ஓ. என்றால் தூரின், எம்.ஐ. மிலான், எம்.ஓ. மொடெனா, பி.ஓ. பொலோன்யா. ரோமுக்கு மட்டும் ஊர்ப் பெயரை முழுசாக எழுதுவார்கள். பிளேட் தெரியாத படத்தில் ஸ்டியரிங்கைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து ஃபெராரியும் லான்சியாவும் பெரும்பாலும் வலப்பக்க ஸ்டியரிங். இடப்பக்கம் தெரிந்தால், ஸ்டூடியோவில் நெகட்டிவைப் புரட்டி வைத்து பிரிண்ட் போட்டிருக்கிறார்களா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். சட்டைப் பொத்தான், வண்டியில் எழுதிய எண், கடைப் பலகை என்று வேறு ஏதாவது ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். நிறத்தை மட்டும் நம்பவே கூடாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் கரும்பச்சையும் ஒரே சாம்பல்தான்.

சிசிட்டாலியாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஜவுளி வியாபாரத்தில் சம்பாதித்த பியரோ டுசியோ தூரினில் தொடங்கிய கம்பெனி அது. போரில் நொறுங்கிய நாட்டில் புதிய என்ஜின் செய்யக் காசும் இல்லை, உலோகமும் இல்லை. கடையில் கிடைத்தது 1937-ல் வந்த ஃபியட் 1100-இன் என்ஜின். 68 மில்லிமீட்டர் போர், 75 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 1,089 சி.சி. ஃபியட் கொடுத்தபோது 32 குதிரைத்திறன். அதை இழைத்து ஐம்பதுக்கு மேல் கொண்டுபோனார்கள். 1947 மில்லே மில்யாவில் 54 வயதுப் பந்தய வீரர் நுவோலாரி, கூரையில்லாத சிசிட்டாலியாவில் கொட்டும் மழையில் ஓட்டி, தன் வண்டியைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பெரிய என்ஜின் உள்ள ஆல்ஃபா ரோமியோவுக்கு அடுத்தபடியாக இரண்டாவதாக வந்தார். அதே வருஷம் பினின் ஃபரினா கட்டிய 202 கூபேயில் பானட், மட்கார்டுகளைவிடத் தாழ்ந்து இறங்கும். ஹெட்லைட் மட்கார்டுக்குள்ளேயே புதைந்திருக்கும். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1951-ல் எட்டுக் கார்களை வைத்து நடத்திய கண்காட்சியில் அதுவும் ஒன்று.

அந்த 68-க்கு 75 கணக்கு பம்பாய் குர்லாவில் பிரீமியர் செய்த ஃபியட்டுக்கும், 1974-க்குப் பிறகு அதே வண்டி பத்மினி ஆனதற்கும் அப்படியே வந்தது. நுவோலாரி மழையில் விரட்டிய என்ஜினின் வம்சத்து பிஸ்டனுக்குத்தான் எங்கள் ஊர் மெக்கானிக் ரிங் மாற்றினார். இது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அடையாளம் காண்பதில் உண்மையான சிக்கல் வரைந்தவர்களால் வருகிறது. ஜோவான்னி மிக்கெலோட்டி 1949-ல் தூரினில் சொந்தமாக வரைகூடம் போட்டார். வின்யாலேவுக்கு வரைந்தார், அலெமானோவுக்கும் வரைந்தார், இன்னும் பலருக்கும் வரைந்தார். ஒரே கைக்கோடு நாலு பட்டறையின் தகரத்தில் வரும்போது, கோட்டை வைத்துப் பட்டறையைச் சொல்ல முடியாது. அங்கே அப்பா சொன்ன ஓரத்துக்குத்தான் போக வேண்டும்: சக்கர வளைவின் விளிம்பை எப்படி மடித்திருக்கிறார்கள், கதவின் கீழ்மூலை கூரா உருண்டையா, காற்றுத் துளைக்குச் சட்டம் வைத்தார்களா வெறுமனே வெட்டி விட்டார்களா. வடிவம் வரைந்தவருடையது, விளிம்பு தட்டியவருடையது. படத்துக்குக் குறிப்பு எழுதுகிறவர்கள் இரண்டு பெயரையும் எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். சுத்தி பிடித்தவர்களின் பெயர் ஏற்கெனவே முக்கால்வாசி காணாமல் போய்விட்டது.

இந்தப் பட்டறைகள் படுத்ததற்கு நம் ஃபியட்டும் ஒரு காரணம். 1953-ல் வந்த ஃபியட் 1100-103-க்குத் தனிச் சேசிஸ் கிடையாது. பாடியும் சட்டமும் ஒரே கூடு. கூட்டை எடுத்துவிட்டு வேறு பாடி கட்ட வழியில்லை. சின்னப் பட்டறைகளின் கைக்குக் கீழே இருந்த தரையே போயிற்று. ஸ்டபிலிமென்டி ஃபரினா அதே 1953-ல் மூடியது. தூரிங் 1966 வரை தாக்குப்பிடித்தது. குர்லாவில் செய்து நம் ரோட்டுக்கு வந்தது அந்த 103-தான்.

ஹெரால்டு கதை நேர்மாறு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் கம்பெனிக்குப் பாடி அடித்துக் கொடுத்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. ஒரே கூடாக அடிக்க வேறு ஆள் இல்லாததால் பழையபடி தனிச் சேசிஸ், அதன்மேல் போல்ட் போட்டு மாட்டும் பாடித் துண்டுகள் என்று போனார்கள். அதற்கு உருவம் வரைந்து கொடுத்தது மிக்கெலோட்டி. மெட்ராஸில் 1961 முதல் அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஃபியட் மட்கார்டு நசுங்கினால் எங்கள் பட்டறையில் வெட்டி வெல்டு வைக்க வேண்டும், ஹெரால்டுக்கு ஸ்பேனர் எடுத்தால் போதும். பானட்டும் இரண்டு மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். என்ஜின் பக்கத்தில் டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம்.

அறுபதுகளின் கல்யாண ஆல்பங்களை இன்றைக்கும் என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள், அரியலூரிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும். மாலை போட்ட மாப்பிள்ளைக்குப் பின்னால் பாதிக் கார்தான் தெரியும். முன் கதவுக்கு முன்னால் மட்கார்டின் மேலிருந்து கீழ் வரை செங்குத்தாக ஒரு இடைவெளி ஓடினால் அது ஹெரால்டு. முன் கதவின் கைப்பிடி முன்னோரத்திலும் கீல் பின்னோரத்திலும் இருந்தால் பழைய ஃபியட். ஹெரால்டாக இருந்தால் படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக் கொடுக்கிறேன்: ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மெட்ராஸ்; வரைந்தவர் மிக்கெலோட்டி, தூரின்.