இளம்பிள்ளை வாதமும் பொதுநலச் சங்கங்களும்

வரலாறு என்றதும் அரசர்களின் போர்களும் அரசுகளின் ஆணைகளுமே நம் நினைவுக்கு வருவது வழக்கம். வாரந்தோறும் கூடி, உணவருந்தி, உரை கேட்டுக் கலைகின்ற ஊர்ச் சங்கங்கள், உலகெங்கும் பரவிய ஒரு நோயை வேரோடு களையும் பணியில் முன்னின்றன என்றால், நேயர்களுக்கு அது சற்று வியப்பாகவே இருக்கும். ஆயினும் இளம்பிள்ளை வாதம் என்று நாம் வழங்கும் போலியோ நோயின் வரலாற்றில் நிகழ்ந்தது அதுவே.

இந்நோயின் இயல்பை முதலில் அறிந்துகொள்வது நலம். மலத்தால் மாசுபட்ட நீரின் வழியாகவும் உணவின் வழியாகவும் இதன் நுண்கிருமி குழந்தையின் வயிற்றினுள் புகுகிறது, குடலில் பெருகுகிறது, சிலரிடம் தண்டுவட நரம்புகளைத் தாக்கிக் கால்களை முடக்குகிறது. முடங்கிய காலை மீட்கும் மருந்து இன்றுவரை இல்லை. கிருமி தொற்றியவர்களுள் ஏறத்தாழ இருநூறு பேருக்கு ஒருவரே முடமாகின்றனர். ஏனையோருள் பெரும்பாலோர் யாதோர் அடையாளமும் இன்றி நோயைச் சுமந்து திரிந்து பிறருக்குப் பரப்புகின்றனர். ஆகவே, ஓர் ஊரில் ஒரு குழந்தை முடமாயிற்று எனில், அங்கே கிருமி முன்னரே பலருள் குடிபுகுந்துவிட்டது என்பதே பொருள். இவ்வுண்மையை மனத்திற் கொண்டால்தான் பின்னர் நிகழ்ந்தவை விளங்கும்.

பொதுமக்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து இந்நோயை எதிர்த்த முதற் பெருமுயற்சி அமெரிக்காவில் தோன்றியது. தாமே இந்நோயால் தாக்குண்டவர் எனப்பட்ட குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1938-இல் ஓர் அறநிலையத்தைத் தோற்றுவித்தார். நகைச்சுவை நடிகர் எட்டி காண்டர் வானொலியின் வாயிலாக, ஆளுக்கொரு பத்துச் சென்ட் நாணயத்தைத் தலைவரின் மாளிகைக்கு அனுப்புமாறு வேண்டினார். இலட்சக்கணக்கான நாணயங்கள் அஞ்சலில் வந்து குவிந்தன. அவ்வாறு திரண்ட நிதியே டாக்டர் ஜோனாஸ் சால்க்கின் ஆராய்ச்சிக்குத் துணைநின்றது. 1954-இல் ஏறத்தாழ 18 இலட்சம் குழந்தைகள் பங்குபெற்ற சோதனை நடந்தது. 1955 ஏப்ரல் 12-ஆம் நாள் அதன் வெற்றி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பின்னர் டாக்டர் ஆல்பர்ட் சேபின் வாய்வழிச் சொட்டு மருந்தைக் கண்டார். அது மலிவானது, ஊசியின்றி எவரும் புகட்டத் தக்கது.

அன்று பணம் கொடுத்தவர்கள் தம் குழந்தைகளை எண்ணி அஞ்சிக் கொடுத்தனர். அடுத்த கட்டத்தின் சிறப்பு வேறு வகையானது. அமெரிக்காவில் இயற்கைக் கிருமியால் நோய் பரவியது 1979-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அதே 1979 செப்டம்பர் 29-ஆம் நாள், ரோட்டரிச் சங்கத்தின் அகில உலகத் தலைவர் ஜேம்ஸ் போமர், பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரை அடுத்த மக்காட்டியில் ஒரு குழந்தையின் வாயில் சொட்டு மருந்தை இட்டார். 60 இலட்சம் குழந்தைகளுக்கு மருந்து வழங்குவதற்கான ஐந்தாண்டுத் திட்டத்தின் தொடக்கம் அது. தம் வீட்டில் அச்சம் தீர்ந்த பின்பு பிறர் வீட்டுக் குழந்தைக்காகக் கைப்பொருளைக் கொடுக்கும் வழக்கம் இங்கே வேர்விட்டது.

1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் தோற்றுவித்த இச்சங்கம், 1985-இல் ‘போலியோபிளஸ்’ என்னும் திட்டத்தை அறிவித்தது. 12 கோடி டாலர் திரட்டுவது என்பது இலக்கு. விருந்துகள், நடைப்பயணங்கள், கலைநிகழ்ச்சிகள், உறுப்பினரின் நன்கொடைகள் எனப் பல வழிகளில் ஊர்தோறும் பணம் சேர்ந்தது. 1988-இல் கணக்குப் பார்த்தபோது 24 கோடியே 70 இலட்சம் டாலர் திரண்டிருந்தது. இலக்கைப்போல் இரு மடங்குக்கும் மேல்! அவ்வாண்டு மே மாதத்தில் உலகச் சுகாதாரப் பேரவை, 2000-ஆம் ஆண்டுக்குள் இந்நோயை ஒழிப்பது என்று தீர்மானித்தது. அப்போது 125-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆண்டுதோறும் சுமார் மூன்றரை இலட்சம் பேர் முடமாகிக்கொண்டிருந்தனர்.

இனி நம் நாட்டின் கதைக்கு வருவோம். மேலை நாடுகளில் மூன்று முறை புகட்டினால் போதுமென்றிருந்த சொட்டு மருந்து, நம் நாட்டுக் குழந்தைகள் பலருக்கு அவ்வளவில் காப்பளிக்கவில்லை. இதை ஆராய்ந்து கண்டவர் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜான். ஒரே காலத்தில் ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்தைப் புகட்டி, அதனை மீண்டும் மீண்டும் செய்தால் கிருமிக்குத் தங்க இடமின்றிப் போகும் என்பது அவர் காட்டிய வழி. 1980-களில் வேலூரில் ரோட்டரிச் சங்கத்தாரின் துணையோடு இம்முறை செயற்பட்டது. 1994 அக்டோபர் 2-ஆம் நாள் தில்லி மாநகரில் ‘பல்ஸ் போலியோ’ நடந்தது. 1995 டிசம்பர் 9-ஆம் நாள் அது நாடு முழுவதற்கும் விரிந்தது.

ஆயினும் 2000-ஆம் ஆண்டு என்ற தவணை தவறிற்று. 2002-இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,600 குழந்தைகள் முடமாயினர்; அவர்களுள் பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்தினர். நெருக்கடியான குடியிருப்புகளும் சாக்கடையும் ஒருபுறம். மருந்தைப் பற்றிய ஐயமும் வதந்தியும் மறுபுறம். அரசு ஊழியர் மீண்டும் மீண்டும் கதவைத் தட்டியபோது, குடிநீரும் வைத்தியமும் தராதவர்கள் இம்மருந்தை மட்டும் ஏன் இத்தனை முறை கொண்டுவருகிறார்கள் என்று தாய்மார் கேட்டனர். நியாயமான கேள்வியே! அதற்கு விடை கூறப் பணம் மட்டும் போதவில்லை. ரோட்டரி அன்பர்கள் இஸ்லாமிய மார்க்க அறிஞர்களின் குழுவை அமைத்து, அவர்கள் வாயிலாக மக்களிடம் பேசினர். மருத்துவ முகாம்களையும் நடத்தினர். தொழிலாளர் குடும்பங்கள் பயணம் செய்யும் இரயில் வண்டிகளிலும் பேருந்து நிலையங்களிலும் குழந்தைகளுக்கு மருந்து புகட்டப்பட்டது. மருந்து பெற்ற குழந்தையின் சுண்டுவிரலில் மை இடப்பட்டது.

2009-இல் 741 பேர். 2010-இல் 42 பேர். 2011-இல் ஒரே ஒருவர். அவ்வாண்டு சனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் கண்ட சிறுமியே இந்நாட்டில் இயற்கைக் கிருமியால் முடமான கடைசிக் குழந்தை. 2014 மார்ச் 27-ஆம் நாள் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் இந்நோய் நீங்கியதாகச் சான்று பெற்றது.

இவ்வெற்றி ஒரு சங்கத்துக்கே உரியது என்று கூறுவது தவறாகும். இந்தியாவில் ஆன செலவில் பெரும் பகுதியை நம் அரசே ஏற்றது. வீடுவீடாக நடந்தவர்கள் இலட்சக்கணக்கான ஊழியர்கள். அவர்களுள் பெண்கள் மிகப் பலர். சங்கங்கள் அளித்தது வேறொன்று. அது விடாப்பிடி எனலாம். நோயாளர் இலட்சக்கணக்கில் இருக்கும்போது நன்கொடை கேட்பது எளிது. ஐம்பது பேராகக் குறைந்த பின்பும், அந்த ஐம்பதுக்காகக் கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு மருந்திட வேண்டுமென்று கேட்பது அரிது. 2007-இல் கேட்ஸ் அறநிலையம் 10 கோடி டாலர் வழங்கி அதே தொகையைத் திரட்டுமாறு கேட்டபோதும், பின்னர் 20 கோடியாக அவ்விலக்கு உயர்ந்தபோதும், ரோட்டரிச் சங்கத்தார் தவணைக்கு முன்னரே அதை நிறைவேற்றினர்.

பணி இன்னும் முடியவில்லை. 2020-இல் ஆப்பிரிக்காவும் இயற்கைக் கிருமி நீங்கியதாகச் சான்று பெற்றது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அது எஞ்சி நிற்கிறது. மருந்து பெறாதோர் மிகுந்த இடங்களில், சொட்டு மருந்திலுள்ள நலிந்த கிருமியே நாளடைவில் திரிந்து நோய் தருவதும் உண்டு. எங்கேனும் ஒரு மூலையில் கிருமி இருக்கும்வரை எங்கும் அது திரும்பி வரக்கூடும்.

முன்னரே முடமாகிவிட்டவர்கள் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களுள் பலர் நடுவயதை எட்டியவர்கள். ஊன்றுகோலும் மூன்று சக்கர வண்டியும் தொழிலும் நாடி நிற்பவர்கள். இனி வரும் குழந்தைகளைக் காத்த சங்கங்களும் சமூகமும் இவர்களை மறந்துவிட்டால், அறக்கணக்கில் ஒரு பக்கம் எழுதப்படாமலே நின்றுவிடும்.