போர்ட்ஸ்மத்: கப்பல்களை வழியனுப்பும் துறைமுக நகர்

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ட்ஸ்மத், பல நூற்றாண்டுகளாக அந்நாட்டுக் கடற்படையின் முக்கியத் தளம். லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இந்நகரை அடையலாம்.

கப்பல்கள்

துறைமுக ரயில் நிலையத்தின் அருகிலேயே, 1860இல் கடலில் இறக்கப்பட்ட ‘வாரியர்’ என்ற இரும்புப் போர்க்கப்பல் நிற்கிறது. சற்றுத் தள்ளி, 1805 ட்ரஃபால்கர் போரில் தளபதி நெல்சன் உயிர்நீத்த ‘விக்டரி’ கப்பலைக் காணலாம்.

மனத்தை அதிகம் பாதிப்பது ‘மேரி ரோஸ்’. எட்டாம் ஹென்றி மன்னரின் இக்கப்பல் 1545இல் கரைக்கு அருகிலேயே மூழ்கியது. ஏறக்குறைய 500 பேரில் பிழைத்தவர்கள் 35க்கும் குறைவு. 1982இல் மேலே எடுக்கப்பட்ட கப்பலோடு, மாலுமிகளின் சீப்பு, காலணி, உணவுக் கிண்ணம், அவர்களுடன் இருந்த ஒரு நாயின் எலும்புக்கூடு ஆகியவையும் அருங்காட்சியகத்தில் உள்ளன.

மதுக்கூடங்கள்

துறைமுக வாயிலில் உள்ள ‘பாயிண்ட்’ பகுதிக்கு ‘ஸ்பைஸ் ஐலண்ட்’, அதாவது நறுமணப் பொருள் தீவு என்றும் பெயர். மிளகு போன்ற சரக்குகள் இங்கு இறங்கியதால் அப்பெயர் வந்ததாகக் கூறப்படுகிறது. ஒரு காலத்தில் இங்கு மதுக்கூடங்கள் நெருக்கமாக இருந்தன. கடற்படைக்கு ஆள் குறைந்தபோது, இத்தகைய துறைமுக மதுக்கூடங்களில் இருந்தவர்களைப் பிடித்துக் கட்டாயமாகக் கப்பலேற்றியதும் உண்டு.

இன்று ‘ஸ்டில் அண்ட் வெஸ்ட்’, ‘ஸ்பைஸ் ஐலண்ட் இன்’ ஆகிய இரண்டும் அங்கு பெயர் பெற்றவை. கப்பல்கள் மிக அருகில் கடந்து செல்வதைப் பார்த்தபடி சாப்பிடலாம்.

பிரிட்டிஷ் ‘பப்’பில் மது அருந்தியே ஆக வேண்டும் என்பதில்லை, தேநீரோ காப்பியோ கேட்கலாம். பெரும்பாலும் முகப்பிலேயே சொல்லிப் பணம் கட்ட வேண்டும். மீன், உருளைக்கிழங்குப் பொரியலை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் இடங்களும் பிரிட்டனில் உண்டு. மாட்டிறைச்சி தவிர்ப்போர் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

வட்டக் கோபுரம்

சில நிமிட நடையில், 1418இல் கட்டத் தொடங்கிய வட்டக் கோபுரம் வருகிறது. அதன் அருகே சங்கிலிக் கண்ணி வடிவில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. 1787இல் 700க்கும் மேற்பட்ட கைதிகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியா புறப்பட்ட கப்பல்களை அது நினைவுகூர்கிறது.

கோபுரத்தின் மேலே ஏறக் கட்டணமில்லை. கடற்படைக் கப்பல் நெடும்பயணம் புறப்படும் நாளில், மாலுமிகளின் குடும்பத்தார் இன்றும் அங்கே திரண்டு நின்று கையசைக்கிறார்கள்.