கலிவி கோடி: செத்துப்போச்சுன்னு எழுதி வச்ச பறவை

ஆந்திராவுல கடப்பா பக்கம் கல்லும் முள்ளுமா கிடக்குற மலையடிவாரத்துல ஒரு பறவை உண்டு. தெலுங்குல அதுக்குக் ‘கலிவி கோடி’ன்னு பேர். கோடின்னா கோழி. கலிவி நம்ம களாச்செடி. பகலெல்லாம் புதர்ல ஒண்டிக்கிட்டு, ராத்திரி தரையில ஓடி ஓடிக் கரையானும் எறும்பும் பொறுக்கும்.

மதராஸ் ராணுவத்துல மருத்துவரா இருந்த ஜெர்டன்தான் இதை வெளியுலகத்துக்குக் காட்டினவர். 1848ல அறிவியல் பேர் வச்சாங்க. 1900க்கு அப்புறம் யார் கண்ணுலயும் படல. அழிஞ்சேபோச்சுன்னு புத்தகத்துல எழுதிட்டாங்க.

எண்பதுகள்ல பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்து ஆய்வாளர் பரத் பூஷண், படத்தைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போய் விசாரிச்சார். 1986 ஜனவரியில ரெட்டிபள்ளிக்குப் பக்கத்துல ஐத்தண்ணா என்கிற வேட்டைக்காரர், ராத்திரி டார்ச் வெளிச்சத்துல ஒண்ணைப் பிடிச்சுட்டார். எண்பத்தாறு வருசம் புத்தகத்துல இல்லாத பறவை, அந்த ஊர்க்காரங்க வாயில பேரோட இருந்திருக்கு பாருங்க!

கதை அதோட முடியல. 2005 வாக்குல அது வாழுற காட்டுக்குள்ளயே கால்வாய் தோண்ட மிஷின் இறங்குச்சு. என்ன திட்டம் தெரியுமா? தெலுங்கு கங்கை. சென்னைக்காரங்களுக்குக் கிருஷ்ணா தண்ணி கொண்டுவர்ற அதே திட்டம். கொஞ்சம் புதர்க்காடு போச்சு. ஆய்வாளர்கள் போராடின பிறகு கால்வாயோட தடத்தை மாத்தினாங்க.

அங்க வேலை செஞ்சவங்கள்ல நம்ம தமிழர் ப. ஜெகநாதனும் ஒருத்தர். மண்ணைப் பரப்பி வச்சுக் கால்தடம் பார்த்தே இந்தப் பறவையைத் தேடினாங்க. ஹெக்டேருக்கு 300லருந்து 700 பெரிய புதர் இருக்குற இடம்தான் இதுக்குத் தோதுன்னு கண்டுபிடிச்சாங்க. காடு அடர்ந்தாலும் ஆகாது, மொட்டையானாலும் ஆகாது. ஆடு மாடு அளவா மேயணும், விறகு அளவா வெட்டணும்.

மானாவாரி விவசாயி எனக்கு இது சட்டுனு புரியுது. எங்க ஊர் மேய்ச்சக் காடும் அப்படித்தான். ஆனா கணக்குல அதுக்குப் பேர் ‘தரிசு’. தரிசுன்னு ஒருதடவை எழுதிட்டா, குவாரிக்குக் கொடுக்கவும் மரம் நட்டு மூடவும் யார்கிட்டயும் கேட்க வேண்டியதில்லேன்னு நினைச்சுக்கறாங்க. கலிவி கோடியை அழிஞ்சதுன்னு எழுதினதும் காகிதம்தான். இதையும் தரிசுன்னு சொல்றது காகிதம்தான். அங்க ராத்திரி என்ன மேயுதுன்னு ஆடு மேய்க்கிறவரைக் கேட்டுட்டு எழுதலாமே?