பால் வடியும் மரங்களின் உறவு

இரத்தினபுரிப் பக்கத்து றப்பர் தோட்டத்தில் வளரும் பிள்ளைக்குப் பாடசாலை வாசலை மிதிக்குமுன்பே மரங்களைப் பிரிக்கத் தெரியும். பால் வடியும் மரம், வடியாத மரம். விடியற்காலையில் பால் வெட்டப் போகும் அம்மாவின் கத்தியும் வாளியுமே அதன் முதற் பாடநூல். "பாலுள்ளதெல்லாம் ஒரே சொந்தமா?" என்று அப்பிள்ளை கேட்டால் நாம் என்ன சொல்வோம், நேயர்களே?

லயத்துக்குப் பின்னால் பலா நிற்கிறது, அதிலும் பால். ஆனால் பலா, ஆலுக்கும் அத்திக்கும்தான் உறவு. றப்பரின் குடும்பத்தைச் சேர்ந்தவை கொல்லையில் நிற்கும் மரவள்ளியும் வேலியோரத்து ஆமணக்குமே. பாலை விட்டுவிட்டுக் காயைப் பார்த்தால் இது விளங்கும். றப்பர்க் காயில் மூன்று அறைகள், மூன்று விதைகள். ஆமணக்கிலும் அப்படியே, விதையின் புள்ளிகள்கூடச் சாயலில் ஒன்றுதான். (ஆமணக்கு விதை நஞ்சு. காட்டலாம், பிள்ளை வாயில் வைக்க விடக்கூடாது.)

இவ்வாறு பிரித்துப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் மரபியலிலே உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கினார். எறும்பை மூன்றறிவிலும் தும்பியை நான்கறிவிலும் வைத்தார். இன்றைய விஞ்ஞானத்துக்கு இரண்டும் பூச்சிகளே. ஆனால் வெளியே வயிரமுள்ளது புல், உள்ளே வயிரமுள்ளது மரம் என்றாரே, அது வியப்புக்குரியது. தென்னையும் கமுகும் மூங்கிலும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்ற இன்றைய முடிவுக்கு அது வெகு அருகில் நிற்கிறது. வெட்டிய கமுகந்துண்டொன்று போதும், வகுப்பில் இதைக் காட்ட.

1670களில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராகக் கொழும்பிலிருந்த போல் ஹெர்மன் இந்நாட்டுச் செடிகளை உலர்த்திச் சேர்த்தார். இலங்கையைக் கண்ணாலும் காணாத லின்னேயசு அத்தொகுப்பை ஆராய்ந்து 1747இல் 'புளோரா சிலானிக்கா'வை வெளியிட்டார். அப்போது றப்பர் இங்கே இல்லை. அது பிரேசிலிலிருந்து கியூ தோட்டம் வழியாக 1876இலேயே வந்தது. மரவள்ளியும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. வந்தவற்றைப் பேணத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களும் வந்தார்கள்.

அந்த ஆட்களின் பிள்ளைகளுக்கு, ஆறு வயது முதல் பத்து வயது வரை, தாய்மொழிக் கல்விக்கு வழிசெய்வது தோட்டத்துரையின் கடமை என 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கூறிற்று. எழுத்தும் வாசிப்பும் கணக்கும் கிடைத்ததே பெரிது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல்தான். 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' ஆரம்ப வகுப்புகளுக்கு நாடெங்கும் வந்தது 1999இல்.

மேல்வகுப்புக்குப் போனால் இன்னொன்று காத்திருக்கிறது. இனங்களின் தொகுதிக்கு நம் பாடநூல்கள் வைத்த பெயர் 'சாதி'. லயத்துப் பிள்ளை "மரத்துக்குமா சாதி?" என்று கேளாதிருக்குமா? கலைச்சொல் ஆக்கியோர் சற்றே யோசித்திருக்கலாம் என்பது என் எண்ணம். இப்பிள்ளைகளின் முன்னோரையும் 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு 'இந்தியத் தமிழர்' என்று தனியே பிரித்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அந்தப் பிரிவுக்கு எந்தக் காயையும் பிளந்து பார்க்கவில்லை.

ஆகவே ஆசிரியர்களே, பெயரைப் பிறகு சொல்லுங்கள். காய் வெடிக்கும் காலத்தில் றப்பர் மலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு காயைப் பிளந்து, அறைகளை எண்ணட்டும்.