சீட்டும் வசனமும்: ஹெர்ன்ஹூட் சபையாரிடையே தேவசித்தம் அறியும் முறை மாறிய வரலாறு

அன்றாட வாழ்வில் கர்த்தருடைய வழிநடத்துதலை எவ்வாறு கேட்டறிவது என்ற கேள்விக்கு, 18ஆம் நூற்றாண்டின் மொராவியன் சகோதரர் சபையைப் போலத் துணிவோடு விடை தேடிய புரொட்டஸ்டன்ட் சபைகள் மிகச் சிலவே. மொராவியாவில் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த விசுவாசிகள், 1722இல் சாக்சனி நாட்டுப் பிரபு சின்சென்டார்ஃப் தம் நிலத்தில் இடமளிக்க, அங்கே ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரை அமைத்தனர். ஒரே ஊரில் சில ஆண்டுகளுக்குள் வேரூன்றிய இரண்டு வழக்கங்களில், முடிவெடுப்பதற்குச் சீட்டுப் போடும் முறை மறைந்துபோனது. நாளுக்கொரு வசனம் பெறும் முறை இன்றளவும் நிலைத்திருக்கிறது.

வசன வழக்கம் 1728 மே 3 அன்று தொடங்கியது. மாலைக் கூடுகையில் சின்சென்டார்ஃப் மறுநாளுக்கென ஒரு வாக்கைக் கொடுக்க, அது மறுநாள் வீடுவீடாகக் கொண்டுசெல்லப்பட்டது. காவற்படையினர் தம்முள் அடையாளம் காண அன்றன்று வழங்கப்படும் குறிச்சொல்லைப் போன்றது என்பதால் அதற்கு லோசுங் என்ற ஜெர்மானியப் பெயர் அமைந்தது. வசனத்தைக் கொண்டுசென்ற சகோதரர்கள் ஒவ்வொரு வீட்டாரின் நலத்தையும் விசாரித்து வந்தனர் என்பதால், தொடக்கத்தில் இது தனியறையில் வாசிக்கும் தியானமாக இராமல் சபை ஒருவரையொருவர் பேணும் ஏற்பாடாகவே இருந்தது எனலாம். 1731ஆம் ஆண்டுக்கான வசனங்கள் முதன்முறையாக அச்சாகி நூலாக வந்தபின், ஊரைவிட்டுத் தொலைவில் இருந்தவர்களும் அதே நாளில் அதே வசனத்தை வாசிக்க முடிந்தது.

சீட்டு வழக்கத்துக்கு, யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொண்ட அப்போஸ்தலர் நடபடிகளின் நிகழ்வு ஆதாரமாகக் காட்டப்பட்டது. ஆம், இல்லை என்று எழுதிய இரு சீட்டுகளோடு எழுத்தில்லாத ஒரு வெற்றுச் சீட்டும் வைக்கப்படுவதுண்டு. வெற்றுச் சீட்டு வந்தால் காலம் கனியவில்லை என்று பொருள் கொண்டு காத்திருந்தனர். இதைக் குருட்டு நம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது சரியன்று. மூப்பர் குழு ஜெபித்து, ஆலோசித்து, மனித அறிவு எட்டிய வரையில் ஆராய்ந்த பின்னரே சீட்டுக்குக் கைநீட்டியது. செயின்ட் தாமஸ் தீவின் அடிமைகளிடம் சுவிசேஷம் அறிவிக்கத் துடித்த லியோன்ஹார்டு டோபரை அனுப்பச் சபை ஏறத்தாழ ஓராண்டு தயங்கி, 1732இல் சீட்டின் வழியே இசைவு பெற்றது. 1741இல் தலைமை மூப்பர் பதவி மனிதர் எவருக்கும் உரியதன்று, கிறிஸ்துவுக்கே உரியது என்று அவர்கள் அறிவித்ததை நோக்கினால் சீட்டின் உட்பொருள் விளங்கும்: தலைவர் உயிரோடு சபை நடுவே இருக்கிறார் என்றால் அவரிடமே கேட்டுவிட வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம்.

இந்த எண்ணம் சபையின் எல்லையைக் கடந்தும் பரவியது. 1738இல் ஹெர்ன்ஹூட்டுக்குச் சென்று திரும்பிய மெதடிஸ்ட் இயக்க முன்னோடி ஜான் வெஸ்லி, மறு ஆண்டு பிரிஸ்டலுக்குப் போவதா என்ற கேள்வி எழுந்தபோது லண்டன் தோழர்களோடு சீட்டுப் போட்டே முடிவு செய்தார்.

சீட்டு முறை தளர்ந்தது திருமணத்தில்தான். முன்மொழியப்பட்ட மணத்துக்குச் சீட்டு இசைந்தாலும் மறுக்கும் உரிமை பெண்ணுக்கு இருந்தது. ஆயினும் சீட்டு மறுத்த மணத்தைச் சபைக்குள் இருந்துகொண்டு நடத்த வழியில்லை. அமெரிக்கக் குடியிருப்புகளில் வளர்ந்த இளையோர் இதை ஏற்க மறுத்து வெளியேறலாயினர். 1818இல் கூடிய பொதுச்சபை திருமண விதியைத் தளர்த்த, 1889இல் சீட்டு அறவே கைவிடப்பட்டது. கர்த்தர் பேசுவதில் நம்பிக்கை குன்றியதாலன்று, ஒருவருடைய மனச்சாட்சி கேட்க வேண்டியதை மற்றொருவர் கையிலுள்ள துண்டுத்தாள் கேட்டுச் சொல்ல முடியாது என்ற உணர்வு முதிர்ந்ததாலேயே இம்மாற்றம் நேர்ந்தது என்று கொள்வதே பொருத்தம்.

வியப்புக்குரியது, லோசுங் இன்றும் ஹெர்ன்ஹூட்டில் குலுக்கியே எடுக்கப்படுகிறது என்பதாகும். ஏறத்தாழ 1,800 பழைய ஏற்பாட்டு வசனங்களிலிருந்து நாளுக்கு ஒன்று எடுக்கப்பட, அதற்கு இசைந்த புதிய ஏற்பாட்டு வசனம் ஆராய்ந்து சேர்க்கப்படுகிறது. சீட்டு இங்கே வாசிக்க வேண்டியதைத் தருகிறதேயன்றிச் செய்ய வேண்டியதைத் தீர்ப்பதில்லை. லோசுங் வசனங்களை நாள்தோறும் தியானித்துவந்த ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர், 1939 ஜூன் 20 அன்று நியூயார்க்கில் தமக்குக் காத்திருந்த பணியை மறுத்துவிட்டார். குளிர்காலத்துக்கு முன் வந்துசேரும்படி பவுல் தீமோத்தேயுவை வேண்டும் வரி அவர் கண்ணில் பட்டது ஜூன் 26 அன்றுதான். அதைத் தமக்கே சொல்லப்பட்டதாக ஏற்பது வேதத்தைத் தவறாகக் கையாள்வதாகாது என்று நாட்குறிப்பில் பதிந்துகொண்டு, ஜூலையில் ஜெர்மனிக்குக் கப்பலேறினார். தாயகம் திரும்பும் முடிவு முன்னரே எடுக்கப்பட்டிருந்தது; வசனம் அதை உறுதிப்படுத்தியது.

தமிழ்நாட்டுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. ஹாலே பள்ளியில் தரங்கம்பாடி மிஷன் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர் சின்சென்டார்ஃப். 1760இல் அவருடைய சபையாரே தரங்கம்பாடிக்கு வந்து சகோதரர் தோட்டம் என்ற குடியிருப்பை அமைத்தனர். இன்று தமிழ்ச் சபைகள் பலவற்றில் புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கமும் இவ்வகைப்பட்டதே. ஆனால் அவ்வட்டைகளில் பெரும்பாலும் ஆறுதலும் ஆசீர்வாதமும் மட்டுமே இடம்பெற, லோசுங் தொகுப்போ கட்டளையையும் மன்றாட்டையும் கண்டிப்பையும் விலக்காமல் ஆண்டு முழுவதற்கும் பகிர்ந்தளிக்கிறது.