குறிச்சொல்லும் தேடலும்: நெற்குப்பையை முன்னிட்டு ஓர் ஆய்வு

நூல்களையும் செய்திகளையும் தொகுத்து வைத்தல் ஒரு பணி. வேண்டும்போது அவற்றைத் தேடி எடுத்தல் மற்றொரு பணி. முன்னையது முயற்சியால் முடிவது; பின்னையது சொல்லைப் பொறுத்தது. வைத்தவர் இட்ட சொல்லும் தேடுவோர் நாடும் சொல்லும் ஒன்றாயின் பொருள் கைக்கு எட்டும். வேறாயின் இருந்தும் இல்லாததாகும். இணையத்தில் சமூகப் பக்கக்குறிக் கருவிகள் தோன்றியபோது இவ்விடர்ப்பாடு புதிய வடிவில் வெளிப்பட்டது. அது தமிழை எவ்வாறு தாக்குகிறது, அதனைத் தீர்க்கும் நெறி நம் மரபில் உண்டா என்னும் இரண்டையும் ஈண்டு ஆராய்வோம்.

1. கருவியின் வரலாறு

படித்த இணையப் பக்கத்தை மீண்டும் காணும்பொருட்டு அதன் முகவரியைக் குறித்து வைப்பது பக்கக்குறி. அக்குறிப்புகளைப் பிறரும் காணத் திறந்து வைத்தபோது அது சமூகப் பக்கக்குறி ஆயிற்று. இவ்வகையில் பெரும்புகழ் பெற்ற டெலிஷியஸ் என்னும் கருவியை ஜோஷுவா ஷாக்டர் 2003இல் தொடங்கினார். 2005இல் யாகூ நிறுவனம் அதனை வாங்கியது. பின்னர்ப் பல கை மாறி, 2017இல் பின்போர்டு என்னும் போட்டிக் கருவியின் உடைமையாயிற்று. அதன்பின் புதிய குறிகளை ஏற்பது நின்றது.

இக்கருவியில் பொருள் வகைகள் முன்கூட்டி வகுக்கப்படவில்லை. ஒவ்வொருவரும் தாம் விரும்பிய சொல்லைக் குறிச்சொல்லாக இடலாம். தாமஸ் வாண்டர் வால் 2004இல் இம்முறைக்கு ‘ஃபோக்சானமி’ எனப் பெயரிட்டார். மக்கள் வகைப்பாடு என்று நாம் அதனை வழங்கலாம். இம்முறையின் எளிமையே அதன் குறையும் ஆயிற்று. தொடக்கக் காலத்தில் சொற்களுக்கு இடையேயுள்ள வெளியே ஒரு குறிச்சொல்லை மற்றொன்றிலிருந்து பிரித்தது. ஆதலின் ‘சங்க இலக்கியம்’ என எழுதின் அது இரண்டு குறிச்சொற்களாகும். சேர்த்து எழுதினால் ஒன்று. இடையே கோடிட்டால் வேறொன்று. இம்மூன்றும் ஒரு பொருளையே சுட்டும் என்பதைக் கருவி அறியாது.

ஒரே பொருளுக்கு இருவர் தாமாகவே ஒரே சொல்லைத் தேர்வது நூற்றுக்கு இருபதுக்கும் குறைவே எனப் பர்னாஸ் முதலானோர் 1987இல் காட்டினர். டெலிஷியஸ் கருவியை ஆராய்ந்து 2006இல் கட்டுரை வெளியிட்ட கோல்டர், ஹூபர்மன் ஆகிய இருவரும், ஒரு சொல் பல பொருள் தருதல், ஒரு பொருள் பல சொல் பெறுதல், பொதுச் சொல்லுக்கும் சிறப்புச் சொல்லுக்கும் உள்ள நிலை வேறுபாடு என்னும் மூன்றையும் இடர்களாகச் சுட்டினர். எனினும், ஒரு பக்கத்தை நூறுபேர் அளவில் குறித்த பின்னர் அதற்குரிய குறிச்சொற்களின் விகிதம் நிலைபெறுகிறது என்பதும் அவர்கள் கண்ட முடிபாகும். கூட்டத்தின் பெருமையே குறையைத் தீர்க்கும் என்பார்க்கு இஃது அரணாகலாம். ஆயின் தமிழ் ஆய்வுக்குரிய பக்கம் ஒன்றனை நூறுபேர் குறித்தல் அரிது. நான்குபேர் நான்கு சொல்லால் குறித்த இடத்தில் விகிதம் எதுவும் நிலைபெறாது.

2. நெற்குப்பை என்னும் சான்று

சிவகங்கை மாவட்டத்து நகரத்தார் ஊர்களுள் ஒன்றாகிய நெற்குப்பையை எடுத்துக்கொள்வோம். நெல் என்பதும் குப்பை என்பதும் புணர, லகரம் றகரமாய்த் திரிந்து இப்பெயர் அமைந்துள்ளது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் பொறி, ‘நெல்’ எனத் தேடுவார்க்கு இவ்வூரைக் காட்டாது. செட்டிநாடு என்பது வேற்றுமை ஏற்கும்போது செட்டிநாட்டு என ஒற்று இரட்டித்து நிற்கும், அதுவும் தப்பிவிடும். ஏன், ‘தமிழ்’ என்னும் சொல்லே ‘தமிழில்’ என்பதனுள் அகப்படுவதில்லை. உயிர் ஏறியவிடத்துப் புள்ளி நீங்கிவிடுகிறது அன்றோ?

இனிப் பொருள் வேறுபாடு. குப்பை என்பது பண்டைத் தமிழில் குவியல். இன்றைய வழக்கில் கழிவு. ‘குப்பை’ என்னும் குறிச்சொல்லின்கீழ் ஊர்ப்பெயர் ஆய்வும் துப்புரவுச் செய்தியும் ஒருங்கே வந்து நிற்கும்.

ஆட்சி மாற்றமும் பெயரை மாற்றுகிறது. 1985க்கு முன் இவ்வூர் இராமநாதபுரம் மாவட்டத்தது. அவ்வாண்டில் பிரிக்கப்பட்ட புதிய மாவட்டம் பசும்பொன் முத்துராமலிங்கத்தேவர் பெயரைத் தாங்கிற்று. 1997இல் அது சிவகங்கை மாவட்டம் ஆயிற்று. ஊர் ஒன்று, அதனைப் பற்றிய குறிப்புகளோ மூன்று பெயர்களின்கீழ்ச் சிதறிக் கிடக்கும்.

ஆசிரியர் பெயரும் இத்தகையதே. பயண நூல்களாலும் மாவட்டங்களைப் பற்றிய நூல் வரிசையாலும் தமிழுக்குப் பெருந்தொண்டாற்றிய சோமலெ, 1921இல் இவ்வூரில் பிறந்து 1986இல் மறைந்தவர். புனைபெயரைச் சோமலெ என்றும், சோமலே என்றும், புள்ளியிட்டுச் சோம. லெ. என்றும் எழுதலாம், இயற்பெயரை இலக்குமணன் என்றும் லெட்சுமணன் என்றும் எழுதலாம். இவற்றுள் ஒன்றை மட்டும் அறிந்த மாணவர், பிறவற்றின்கீழ் உள்ள நூல்களை இல்லை என்றே துணிவர். மாவட்ட வரலாற்றை எழுதப் புகும் ஒருவர் சோமலெயின் உழைப்பைக் காணாது, முடிந்த பணியை மீண்டும் தொடங்க நேரும். தேடற்குறையின் இழப்பு இத்துணைப் பெரிது.

3. மரபு காட்டும் நெறி

ஒரு பொருள் குறிக்கும் பல சொல்லையும் பல பொருள் குறிக்கும் ஒரு சொல்லையும் நம் நிகண்டு நூலார் நன்கு உணர்ந்திருந்தனர். அவற்றைத் தனித்தனித் தொகுதிகளாகவே வகுத்தனர். எனினும் செய்யுளாய் அமைந்த நிகண்டு, மனப்பாடம் செய்தார்க்கே பயன்பட்டது. இக்குறையை நோக்கி, இரேவண சித்தர் 1594இல் அகராதி நிகண்டில் சொற்களை முதலெழுத்து வரிசையில் நிறுத்தினார். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்து, தேடுவோர் எவ்வாயிலாகவும் புகுமாறு செய்தார். இவ்வளர்ச்சி முழுவதும் தேடுவோரை நோக்கிய வளர்ச்சி என்பது கருதத்தக்கது.

சீகாழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் நான்காவது, படிப்போர் காலத்தைச் சேமித்தல் என்பதாகும். நூலகப் பட்டியலில், வழக்கில் உள்ள வேறு பெயரை நாடி வருவாரை உரிய தலைப்புக்கு ஆற்றுப்படுத்தும் ‘காண்க’ என்னும் குறிப்பு, அவ்விதிக்கு ஏற்ற கருவியாகும். அஃது எவரையும் தம் சொல்லைக் கைவிடுமாறு கேட்பதில்லை. எச்சொல்லோடு வந்தாலும் வழி காட்டுகிறது. மக்கள் வகைப்பாட்டில் இல்லாதது இவ்வழிகாட்டியே.

4. முடிபு

விருப்பம்போல் குறிச்சொல் இடும் உரிமையைப் பறித்தல் தீர்வன்று. பலர் இட்ட சொற்களே ஒரு பொருளுக்கு மக்களிடை வழங்கும் பெயர்களைத் திரட்டித் தருகின்றன. அச்சொற்களை ஒன்றோடொன்று பிணைக்கும் பட்டியலே வேண்டப்படுவது. ஆசிரியர் பெயர் வேறுபாடுகள், ஊர், மாவட்டப் பெயர் மாற்றங்கள் அவை நிகழ்ந்த ஆண்டுடன், புணர்ச்சியாலும் வேற்றுமையாலும் திரியும் வடிவங்கள் ஆகிய மூன்றும் அதில் இடம்பெறுதல் வேண்டும். முதலிரண்டைத் தொகுக்க வரலாற்றறிவும், மூன்றாவதை வகுக்க இலக்கண அறிவும் தேவை. இவ்விரண்டும் ஒருங்கே உள்ள இடம் தமிழ்த்துறையே. கணிப்பொறி வல்லுநர் செய்து தருவர் எனக் காத்திராது, முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர் பற்றிய பெயர்களைத் தொகுப்பதிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம். அது நம் காலத்து நிகண்டாக அமையும்.